பொட்டுக்கு அடியில் இருந்த கோடு

என் மனைவி விழுந்த சத்தத்தை நான் கேட்கவில்லை. அதற்கு முன்னால் வந்த சத்தத்தைத்தான் கேட்டேன். சிதறுதேங்காய் உடைக்கும்போது வருமே ஒரு வறட்டுச் சத்தம், அது மாதிரி 'டக்' என்று ஒன்று. என் சைக்கிள் ஹேண்டிலில் தொங்கிய பையில் தேங்காய் இருந்தது. அதுதான் இடித்து உடைந்துவிட்டது என்று நினைத்து ஒரு நொடி பையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது முன்னால் போய்க்கொண்டிருந்தவளைக் காணவில்லை. அவளுடைய சைக்கிளின் முன்சக்கரம் மட்டும், ஹேண்டிலோடும் பூக்கூடையோடும், தனியாக இரண்டு மூன்று அடி உருண்டு போய்ச் சாய்ந்தது.

அன்று கிருத்திகை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மந்தைவெளியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பெசன்ட் நகர்ப் பக்கம் முருகன் கோயிலுக்கு இரண்டு பேரும் இரண்டு சைக்கிளில் கிளம்பியிருந்தோம். அடையாறு பாலத்தில் ஏறுகிற இடம். பின்னால் வந்த பேருந்து கிறீச்சென்று நின்றது. எவ்வளவு பக்கத்தில் என்று கேட்டால், அவள் துப்பட்டாவின் நுனி பேருந்துச் சக்கரத்துக்கு அடியில் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். இன்றைக்கும் அந்த நுனியில் டயர்க் கறுப்பு இருக்கிறது. துவைத்தும் போகவில்லை.

"யோவ், வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று கத்திக்கொண்டே டிரைவர் இறங்கி வந்தார். கீழே கிடந்ததைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "இன்னா நைனா இது, சைக்கிளு ரெண்டா பூட்ச்சே! எங்க வாங்குன இத?"

நான் வாங்கவில்லை. நான் செய்தது.

என் மனைவி தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய மாதிரி இல்லை. அவள் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "தேங்கா உடைஞ்சிடுச்சாங்க?"

இல்லை என்று தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் அவள் அழ ஆரம்பித்தாள்.

நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். அபிராமபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டார் போடுவது, தண்ணீர் லாரி வந்தால் நின்று வாங்குவது, லிப்டு நின்றுவிட்டால் ஆளைக் கூப்பிடுவது என்று இருபது வருஷமாக வேலை. அங்கே கார் நிறுத்தும் தளத்தில், தூணுக்குத் தூண் பழைய கியர் சைக்கிள்கள் சாய்ந்து நிற்கும். முப்பது வருஷத்துக்கு முன் பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கியவை. மலை சைக்கிள் என்றுதான் அப்போது சொல்லுவார்கள். தடித்த இரும்புக் குழாய், முள்ளு முள்ளாக டயர், பதினெட்டு கியர். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். சைக்கிளுக்குச் சாவி எங்கே என்று கூட யாருக்கும் தெரியாது. ஒருமுறை குடியிருப்போர் சங்கத்தில் கூடிப் பேசி எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போட்டுவிடச் சொன்னார்கள். நான் கேட்டதால் எனக்கு விட்டுக்கொடுத்தார்கள்; முதலில் ஒன்றை நான் ஓட்டுவதற்கு வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் என் பட்டறை. சீட்டுக் குழாய் பிரேமுக்குள் துருப்பிடித்து இறுகிப் போயிருக்கும். தேங்காய் எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறவைத்து, வெந்நீர் ஊற்றி, முருகா என்று ஒரு திருகு திருகினால் கிளம்பும் பாருங்கள், அந்தச் சுகம் வேறு எதிலும் இல்லை. பழைய பெயிண்டை இரும்பு தெரிகிற வரைக்கும் உப்புத்தாளால் தேய்ப்பேன். ஆனால் ஹேண்டிலுக்குக் கீழே முன்குழாயில் ஒட்டியிருக்கும் கம்பெனி ஸ்டிக்கரை மட்டும் தொட மாட்டேன். அதன் மேல் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டுச் சுற்றிலும் பெயிண்ட் அடிப்பேன். பழைய சைக்கிளைத் தேடி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். புதுசு எங்கேயும் கிடைக்காது. அதில் ஓர் எழுத்து உரிந்தாலும் எனக்கு மனசு வலிக்கும்.

அப்புறம் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றுவேன். முதுகு வலி உள்ளவர்களுக்கு ஹேண்டிலை உயர்த்தி வளைத்து வைப்பேன். பதினெட்டு கியரை ஆறாகக் குறைப்பேன், சென்னையில் ஏறுவதற்கு மலை எங்கே இருக்கிறது, பாலம்தானே. என்னுடையது போக மொத்தம் நான்கு சைக்கிள் அப்படிச் செய்திருந்தேன். ஒன்று என் மனைவிக்கு. அவள் அடையாறில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். பேருந்துக்கு நின்று நின்று கால் வீங்குகிறது என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டது. மற்ற மூன்றும் மயிலாப்பூரில் ஒரு மாமிக்கும், தி.நகரில் ஒரு தையற்கடைக்காரருக்கும், ஊரூர் குப்பத்தில் ஒரு மீனவத் தம்பிக்கும் போயின.

சைக்கிள் முடிந்ததும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பொட்டு வைக்காமல் வெளியே அனுப்ப மாட்டேன். பொட்டு வைக்க வண்டிக்கு நெற்றி ஸ்டிக்கர் இருக்கும் இடம்தான். ஆனால் சந்தனம் பட்டால் ஸ்டிக்கர் வீணாகிவிடுமே. அதனால் அதற்கு நேர் கீழே, முன்குழாயும் பெடல் பக்கம் இறங்கும் கீழ்க்குழாயும் சேருகிற மூலையில், வெல்டிங் மேலேயே சந்தனத்தைக் குழைத்துத் தடிப்பாக வைத்து நடுவில் குங்குமம் இடுவேன். பக்கவாட்டில் பார்த்தால் அம்சமாகத் தெரியும். வாங்குகிறவர்களிடம் ஒன்று சொல்லி அனுப்புவேன்: "வெள்ளிக்கிழமை தவறாம வைங்க. பழசை அழிக்காதீங்க, மேலயே வைங்க."

பொட்டை அழிப்பதாவது! எந்த வீட்டில் அதைச் செய்வார்கள்? அதுவும் என் மனைவி ஓட்டுகிற வண்டியில்? ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் சைக்கிளை நான்தான் துடைப்பேன். துணி அந்த மூலைக்கு வந்தால் வளைந்து போய்விடும். இரண்டு வருஷத்தில் சந்தனம் ஏறி ஏறி அங்கே சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி நின்றது. அதைப் பார்த்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். இந்த வண்டிக்கு ஒன்றும் வராது என்று தோன்றும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். மகளை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மத்தியானம் பாலத்துக்குத் திரும்பிப் போனேன். பாலத்தோர டீக்கடைக்காரர் இரண்டு துண்டையும் எடுத்துக் கடையோரம் வைத்திருந்தார். அங்கேயே குந்தி உட்கார்ந்து உடைந்த வாயைப் பார்த்தேன்.

மேல்குழாய் வளைந்து கிழிந்திருந்தது. அது பிறகு நடந்தது. முதலில் விட்டது கீழ்க்குழாய். உடைந்த வட்டத்தில் கால் பாகம் புது எவர்சில்வர் மாதிரிப் பளபளவென்று இருந்தது. அது அன்று காலையில் உடைந்தது. மீதி முக்கால் பாகமும் பழுப்பு. துரு. எத்தனையோ மாசத்துத் துரு. அந்த முக்கால் பாகமும் அவள் தினமும் ஏறிப் போய் வரும்போதே விட்டுப்போய், கால் பாகம் மட்டும் அவளைத் தாங்கியிருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. துருவோடு துருவாக உள்ளே சிவப்பாக ஏதோ இருந்தது. ரத்தமோ என்று பதறினேன். விரலால் தொட்டேன், மூக்கில் வைத்தேன். குங்குமம். வாராவாரம் நான் தண்ணீரில் குழைத்து வைத்தது, கீறல் வழியாக இறங்கி உள்ளே போய்க் கோடு கோடாகப் படிந்திருக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கீறலின் மேல் கை வைத்து, கண்ணை மூடி, இவளைக் காப்பாற்று என்று கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

"அண்ணே, டீ குடி மொதல்ல. மொகமெல்லாம் வெளுத்துக்கினு கீது" என்றார் டீக்கடைக்காரர். கிளாஸை வாங்கித் தரையில் வைத்துவிட்டு அந்த உடைந்த வாயைப் போனில் படம் எடுத்தேன்.

பெயிண்ட் அடித்த அன்றைக்கு அந்த இடத்தில் கீறல் இல்லை. இரும்பு தெரியத் தேய்த்தவன் நான், சத்தியமாக இல்லை. வயசான இரும்பு அசதியில் விட்டதா, சந்தனத்தின் ஈரம் அரித்ததா என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியாது. பொட்டு இல்லாமல் இருந்திருந்தால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்ணில் பட்டிருக்கும். அது மட்டும் தெரியும்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மற்ற மூன்று சைக்கிளிலும் அதே மூலையில் பொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறேன். அழிக்காதீர்கள் என்று வாயால் சொல்லியும் அனுப்பியிருக்கிறேன். குப்பத்துத் தம்பி சைக்கிளில் முன்பக்கம் ஒரு குட்டி சீட்டு போட்டுக் கொடுத்ததும் நான்தான். அவனுடைய மூன்று வயசு மகள் உட்காருவதற்கு.

போனில் கூப்பிட்டேன். மாமியும் தையற்கடைக்காரரும் எடுத்தார்கள். வண்டியைத் தொடாதீர்கள், நாளைக்கு வருகிறேன் என்றேன். தம்பியின் போன் அணைந்திருந்தது. ராத்திரிக்குள் எத்தனை முறை போட்டேன் என்று கணக்கில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிளம்புவதற்கு முன் எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலில் போய் நின்றேன். பொட்டை அழிக்கத்தான் போகிறேன், மூன்று வீட்டில், அதுவும் வெள்ளிக்கிழமை. சந்நிதியில் திரை போட்டிருந்தது. உள்ளே குடம் குடமாகத் தண்ணீர் விழுகிற சத்தம். நேற்றைய சந்தனம் கரைந்து கோமுகி வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது, மஞ்சளாக, கொஞ்சம் குங்குமச் சிவப்போடு. நாற்பது வருஷமாக அந்தத் தண்ணீரைத்தான் பிடித்துத் தலையில் தெளித்துக்கொள்கிறேன். அது என்ன தண்ணீர் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அம்மனுக்கே தினமும் களைந்து கழுவிவிட்டுத்தான் வைக்கிறார்கள். கழுவாமல் மேலே மேலே பூசுகிறவன் நான் ஒருத்தன்தான். திரை விலகுகிற வரைக்கும் நிற்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதலில் மாமி வீடு, மாட வீதிக்குப் பின்னால். அறுபது வயசுக்கு மேல் கியர் சைக்கிளில் லஸ் வரைக்கும் போய்வருகிற மாமி. ஈரத் துணியை எடுத்ததுமே கூச்சல் போட்டார்.

"என்னப்பா பண்றே? வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்டை அழிக்கறியே! மாமா பாத்தார்னா இந்த ஆத்து வாசல்லயே ஒன்ன நிக்க விடமாட்டார்."

"மாமி, அழிக்கலை. அடியில பாக்கணும்."

"அடியில என்ன, புதையலா இருக்கு?"

கட்டி பெயர்ந்து வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மாமி குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லியோன்னோ? இரு, சந்தனம் கொண்டு வரேன், வெச்சுட்டுப் போ. மூளியா நிக்கறது பாக்கவே நன்னால்லே" என்றார். என்னால் வைக்க முடியவில்லை. நீங்களே வைங்க மாமி, வாராவாரம் துடைச்சுட்டு வைங்க என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

தி.நகர்க்காரர் சைக்கிளில் பொட்டே இல்லை. நான் வைத்தது முதல் மழையிலேயே போய்விட்டது, அவர் மறுபடி வைக்கவும் இல்லை. பக்தி இல்லாத மனுஷன் என்று முன்பு மனசுக்குள் திட்டியிருக்கிறேன். பிரேம் கண்ணாடி மாதிரி இருந்தது.

குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. படகு வந்துவிட்டிருந்தது. தம்பி வலையிலிருந்து மீனைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி கூறு கட்டிக்கொண்டிருந்தாள். சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. குட்டி சீட்டில் குழந்தை உட்கார்ந்து மணியை அடித்துக்கொண்டிருந்தது. முதலில் அதைத் தூக்கி இறக்கினேன். அது வீறிட்டு அழுதது.

"போன் போட்டுக்கினே இருந்தேனே, ஏன்டா அணைச்சு வெச்சே?"

"கடல்ல இன்னாத்துக்கு நைனா போனு? மீனு பேசுமா?" என்று சிரித்தான். "இன்னா, பாப்பாவ அழ வெச்சிட்டே. வண்டிய திருப்பிக் கேக்க வந்தியா?"

விஷயத்தைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே துணியை நனைத்து மூலைக்குக் கொண்டுபோனேன். அவ்வளவுதான், அவன் மனைவி எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மீன் செதில் ஒட்டிய கை. இரும்புப் பிடி.

"பொட்டழிக்கிறதுன்னா இன்னான்னு தெரியுமாய்யா ஒனக்கு? என் புருசன் தெனமும் கடலுக்குப் போறவன். நீதான வெச்சே? நீதான அழிக்காதன்னு சொன்னே? வாரா வாரம் நானும் வெச்சிக்கினு வரேன். இன்னைக்கி வந்து அழிக்கிறியே, நல்லாருப்பியா நீ?"

அவள் கேட்டது எல்லாம் நியாயம். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நேற்று பாலத்தோரம் எடுத்த படத்தைக் காட்டினேன். பழுப்பு வட்டம், உள்ளே சிவப்பு. "இது என் பொண்டாட்டி வண்டி, தங்கச்சி. பஸ்ஸு டயருக்குப் பக்கத்துல விழுந்தா. இதே எடம்."

அவள் படத்தைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். என் கையிலிருந்த துணியை வாங்காமல் தன் முந்தானையை எடுத்தாள். "நீ தொடாத. நான் தொடைக்கிறேன். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

துடைத்தாள். சந்தனம் கட்டியாக உதிர்ந்தது. இன்னொரு தரம் துடைத்தாள். நீலப் பெயிண்டின் மேல் தலைமுடி பருமனுக்கு ஒரு சிவப்புக் கோடு, வெல்டிங்கை ஒட்டி வளைந்து போயிற்று. எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தாள்.

"இன்னாய்யா இது, சாயம் போவ மாட்டேங்குது?"

"அது பெயிண்ட்டு கீறல் நைனா" என்றான் தம்பி. நான் நகத்தை வைத்து இழுத்தேன். கோட்டின் குறுக்கே போகும்போது நகம் மாட்டியது. அவன் கையைப் பிடித்து அவன் நகத்தையும் வைக்கச் சொன்னேன். மாட்டியது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"முந்தாநேத்து இவள உக்கார வெச்சிக்கினு பாலத்து மேல போனேன்" என்றான். "பஸ்ஸோட ரேசு வுட்டேன். இவதான் 'வேகம் வேகம்'னு சொல்லிக்கினே வந்தா."

குழந்தை சீட்டில் ஏற்றச் சொல்லி என் வேட்டியைப் பிடித்து இழுத்தது. அவன் மனைவி மீன் கூறு கட்டிய இடத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடி, யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்: "சாமி பொட்டு வெச்சி எமனை மூடி வெச்சிக்கிறான் பாரு."

அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. போகவும் வேண்டாம்.

காலையில் கிளம்பும் முன்பே என் சைக்கிளை முழுசாகத் துடைத்துப் பார்த்திருந்தேன். அதை அவனிடம் விட்டுவிட்டு, கீறல் விழுந்ததைத் தள்ளிக்கொண்டு மந்தைவெளி வரைக்கும் நடந்தே வந்தேன். ஏறி ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த பிரேமை ரம்பத்தால் நானே இரண்டாக அறுத்தேன், இன்னொருத்தர் கையில் அது போய்விடக் கூடாது என்று. ஸ்பேனர், உப்புத்தாள், எண்ணெய்க் குப்பி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன்.

மாவுக்கட்டுப் பிரித்து மனைவி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒருநாள் கேட்டாள்: "எனக்கு வண்டி எப்போ?"

"பஸ்ஸுல போ."

"பஸ்ஸுல தொங்கிக்கினுதான போறேன். ஒரு கைய வெச்சிக்கினு தொங்கிப் பாருங்க தெரியும்."

"என் கையால இனிமே செய்ய மாட்டேன்."

"கையில இன்னா தப்பு? கை நல்லாத்தான் கீது. கண்ணுதான மூடிக்கினு இருந்துச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

பரணிலிருந்து சாக்கை இறக்கப் பத்து நாள் ஆயிற்று. குடியிருப்பில் மிச்சம் இருந்த பச்சை சைக்கிளை எடுத்து வந்தேன். இந்த முறை மூலைகளுக்கு மட்டும் நிறத்தை மாற்றி வெள்ளை அடித்தேன். கீறல் ஏதாவது விட்டால் கண்ணில் குத்தும். ஸ்டிக்கர் முழுசாக, ஓர் எழுத்தும் போகாமல் இருந்தது. அதற்குப் பேப்பர் ஒட்டி வழக்கம்போலக் காப்பாற்றினேன்.

வெள்ளிக்கிழமை காலை அவள் சந்தனக் கிண்ணத்தோடு சந்துக்கு வந்தாள். இன்னொரு கையில் ஈரத் துணி. போன் டார்ச்சை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். புதுப் பெயிண்ட், துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் துடைத்தாள். பிறகு முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். முன்குழாய்க்கு அடியில் வந்ததும் நின்றாள்.

"ஏங்க, இங்க ஒரு கோடு கீதே."

டார்ச் கையிலிருந்து விழுந்தது. நான் தேய்த்த இரும்பு, நான்கு நாள் முன்பு வெயிலில் வைத்துப் பார்த்த இரும்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வெள்ளையின் மேல் கறுப்பாக, வளைந்து, ஒரு கோடு. அவள் நகத்தை வைத்து இழுத்தாள். அது கையோடு வந்தது.

"முடி" என்றாள். "என்னுதுதான்." சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

அவள் சந்தனத்தைத் தொட்டு எடுத்தாள். மூலையில் வைக்கவில்லை. அதற்கு மேலே, நேராக ஸ்டிக்கரின் நடுவில் வைத்தாள்.

"ஏய், ஸ்டிக்கர் மேலயா!"

"போனா போவுது" என்று குங்குமத்தை அழுத்தி இட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அதை அவளே துடைத்தாள். ஸ்டிக்கரில் ஓர் எழுத்து துணியோடு வந்துவிட்டது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.